பாலைக்குச் சட்லெஜ் நீரைக் கொணர்ந்த பிகானீர் மன்னர்

ராஜஸ்தானின் வடகோடியில் கோதுமையும் பருத்தியும் கின்னோ ஆரஞ்சும் விளையும் ஸ்ரீகங்காநகர் மாவட்டம், ஒரு நூற்றாண்டுக்கு முன் மணல்வெளியாகக் கிடந்தது. அதன் பெயரிலேயே நிலைத்துவிட்டவர் பிகானீர் சமஸ்தானத்தின் மகாராஜா கங்கா சிங்.

1880-ல் பிறந்த அவர், தமையனார் துங்கர் சிங் மறைந்ததும் 1887-ல், ஏழு வயதுகூட நிறையாத நிலையில் அரியணை ஏறினார். முழு ஆட்சிப் பொறுப்பு 1898-ல்தான் அவர் கைக்கு வந்தது. மறு ஆண்டே மழை பொய்த்தது. விக்கிரம சகாப்தம் 1956-ல் நேர்ந்ததால் ராஜஸ்தான மக்கள் இன்றும் "சப்பனியா" என்று அஞ்சிச் சொல்லும் பெரும் பஞ்சம் அது. 1891 கணக்கெடுப்பில் சுமார் 8 லட்சத்து 32 ஆயிரமாக இருந்த பிகானீர் மக்கள்தொகை, 1901-ல் 5 லட்சத்து 85 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. மாண்டவர் பலர், ஊரை விட்டுப் போனவர் பலர். நிவாரணப் பணிகளை நேரில் கவனித்த இளம் மன்னர், கஞ்சித் தொட்டிகளால் பாலைவனத்தைக் காக்க இயலாது என்பதை உணர்ந்தார்.

நீர் இருந்தது பஞ்சாபில். சட்லெஜ் நதியோ பிகானீர் எல்லையைத் தொடவே இல்லை. பொறியாளர் கென்னடியைக் கொண்டு திட்டம் வகுக்கப்பட்டபோது, கீழ்ப்பகுதியில் நதிக்கரையிலேயே அமைந்த பகவல்பூர் சமஸ்தானம் கடுமையாக ஆட்சேபித்தது. கரையில் இல்லாத நாட்டுக்கு நதியில் என்ன உரிமை என்பது அதன் வாதம். பகவல்பூரும் வறண்ட பூமியே என்பதால், அதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. ஆண்டுக்கணக்கில் நீடித்த பேச்சுக்குப் பின், 1920 செப்டம்பரில் பஞ்சாப், பகவல்பூர், பிகானீர் ஆகிய மூன்றும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன.

1925 டிசம்பரில் பெரோஸ்பூரில் அடிக்கல் நாட்டப்பட்டது. வழியிலேயே மணல் நீரைக் குடித்துவிடும் என்பதால், 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவுக்குக் கால்வாயின் அடியும் பக்கங்களும் பூசப்பட்டன. அந்நாளில் இது பெருந்துணிச்சல். 1927 அக்டோபர் 26-ல் வைஸ்ராய் இர்வின் கங்கா கால்வாயைத் திறந்து வைத்தார். பஞ்சாபிலிருந்து சீக்கிய விவசாயிகள் திரளாக வந்து நிலம் வாங்கிக் குடியேறினர். சமஸ்தானக் கருவூலமும் நிறைந்தது.

1919-ல் வெர்சாய் உடன்படிக்கையில் இந்தியாவின் சார்பில் கையொப்பமிட்டவர், 1921-ல் மன்னர்கள் மன்றத்தின் முதல் வேந்தர் என வெளியுலகில் அவர் பெற்ற சிறப்புகள் பல. ஆனால் சொந்த நாட்டில் அரசியல் உரிமை கேட்டவர்களிடம் அவர் இரக்கம் காட்டவில்லை. 1932-ல் பொதுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிகானீர் சதி வழக்கில் பலர் சிறை சென்றனர். நீர் தந்த கையே விலங்கும் பூட்டியது என்பதை அவரைப் போற்றுவோர் பெரும்பாலும் சொல்வதில்லை.

1943 பிப்ரவரியில் மும்பையில் அவர் காலமானார். பிகானீர் சமஸ்தானத்தில் பணியாற்றிய பொறியாளர் கன்வர் சேன், 1948-ல் இன்னும் பெரிய கால்வாய்க்குத் திட்டம் அளித்தார். அதுவே பின்னர் இந்திரா காந்தி கால்வாய் ஆயிற்று. 1955-ல் ராவி, பியாஸ் நதிகளின் உபரி நீரில் ராஜஸ்தானுக்கு 80 லட்சம் ஏக்கர் அடி ஒதுக்கப்பட்டது. கரையில் இல்லாத மாநிலத்துக்கு உரிமை இல்லை என்ற பழைய வாதத்தை இப்போது பஞ்சாப் எழுப்புகிறது. நதிநீர் ஒப்பந்தங்களை ரத்து செய்து 2004-ல் பஞ்சாப் சட்டப்பேரவை நிறைவேற்றிய சட்டம் செல்லாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் கருத்துத் தெரிவித்தது.