வீட்டைக் காத்த விஞ்ஞானி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

பெஞ்சமின் பிராங்க்ளின் என்றவுடன் இடியும் மின்னலும், வானில் பறந்த பட்டமுமே நம் நினைவுக்கு வரும். இயற்பியல் மாணவனாகிய எனக்கும் அப்படித்தான். ஆனால் அவருடைய வரலாற்றைப் படித்தபோது, மின்னலை ஆராய்ந்த பிராங்க்ளினைவிடப் புகைபோக்கியைத் துப்புரவாக வைக்கச் சொன்ன பிராங்க்ளினே என் உள்ளத்தில் ஆழப் பதிந்தார்.

1706ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அவர் பிறந்தார். தந்தை ஜோசையா, மெழுகுவத்தியும் சோப்பும் செய்து விற்றவர். அவருடைய பதினேழு மக்களில் பெஞ்சமின் பதினைந்தாமவர். பள்ளிப் படிப்பு இரண்டே ஆண்டுகள். பன்னிரண்டாம் வயதில் அண்ணனின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். அண்ணனோடு ஒத்துப்போகாமல் 1723இல் பிலடெல்பியா நகருக்கு ஓடிப்போனார். அங்கே உழைத்து முன்னேறி, 1729இல் 'பென்சில்வேனியா கெஜட்' என்னும் செய்தித்தாளுக்கு உரிமையாளரானார்.

அக்காலத்தில் பிலடெல்பியா மக்களின் பெரும் அச்சம் தீ. குளிர் நாடாகையால் வீடுதோறும் கணப்பு எரியும். ஒரு வீட்டில் பற்றினால் அடுத்த வீடும் தப்பாது. 1735இல் பிராங்க்ளின் தம் செய்தித்தாளில் ஒரு முதியவர் எழுதிய கடிதம் போலத் தீத்தடுப்பைப் பற்றி எழுதினார். தணலை மூடாமல் கரண்டியில் ஏந்தி மாடிப்படி ஏறுவதும், கணப்பின் ஓரத்தில் மரச்சட்டம் பதிப்பதும் ஆபத்து என்று எச்சரித்தார். புகைபோக்கி துடைப்பவர்களுக்கு உரிமம் வேண்டும், அவர்களுக்குப் பொறுப்பும் வேண்டும் என்று வற்புறுத்தினார். அடுத்த ஆண்டே, 1736 டிசம்பரில், நண்பர்களைக் கூட்டி 'யூனியன் தீயணைப்புக் குழு'வை அமைத்தார். உறுப்பினர் ஒவ்வொருவரும் தோல் வாளிகளையும், பொருள்களை மீட்கத் துணிப்பைகளையும் தயாராக வைத்திருக்க வேண்டும்.

தீயை அணைத்தாலும் எரிந்த வீட்டை யார் கட்டித் தருவது? இதற்கு விடையாக 1752இல் அவரும் நண்பர்களும் சேர்ந்து 'பிலடெல்பியா கான்ட்ரிபியூஷன்ஷிப்' என்னும் காப்பீட்டுச் சங்கத்தை நிறுவினர். வீட்டுக்காரர்கள் ஏழாண்டுக்கு ஒரு தொகையை வைப்பாகச் செலுத்துவார்கள். அந்தப் பொதுப்பணமும் அதன் வட்டியும் இழப்பை ஈடுசெய்யும். ஆகவே ஒருவர் தம் வீட்டைக் கவனியாது விட்டால், நட்டம் எல்லோர் பணத்தையும் தின்னும். இதனால் ஒவ்வொரு வீட்டையும் நேரில் பார்வையிட்ட பிறகே சங்கம் பொறுப்பேற்றது. பார்வையிட்டவர்களில் தேர்ந்த தச்சர்களும் இருந்தனர். ஆபத்து மிகுந்த கட்டடங்களைச் சங்கம் ஏற்கவில்லை. 1781இல், முன்னால் மரங்கள் நிற்கும் வீடுகளையும் ஏற்பதில்லை என்று முடிவு செய்தது. அதை ஒப்பாதவர்கள் 1784இல் தனிச் சங்கமே கண்டனர். பச்சை மரமே அதன் சின்னமாயிற்று.

சங்கம் தோன்றிய அதே 1752இல்தான் பட்டச் சோதனையும் நடந்தது. இடிதாங்கியும் வீட்டைக் காக்கும் ஏற்பாடுதானே! பிராங்க்ளின் பிரான்சில் இருந்தபோது அவருடைய பிலடெல்பியா வீட்டிலேயே மின்னல் தாக்கியது. 1785இல் திரும்பி வந்த பின் பார்த்தால், கம்பியின் செம்பு முனை உருகியிருந்தது, வீட்டுக்குச் சேதமில்லை.

இதையெல்லாம் நான் எழுதக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். கடன் வாங்கிக் கட்டிய வீட்டின் காப்பீட்டுப் பத்திரத்தை அப்பா பெட்டியின் அடியில் பட்டாவோடு வைத்திருந்தார். பெரியப்பா வீட்டுச் சுவர் விரிசலில் அரசங்கன்று முளைத்து, வேர் விட்டு, ஒரு மழையில் சுவர் சாய்ந்தது. நாட்பட்ட பழுது என்று கூறிக் காப்பீட்டுக்காரர்கள் பணம் தர மறுத்துவிட்டார்கள். அன்றிரவு எங்கள் பத்திரத்தை எடுத்து முழுவதும் படித்து, அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொருள் சொன்னேன். தேய்மானத்துக்கு ஈடு கிடையாது. வீட்டை நல்ல நிலையில் வைத்திருப்பது உடையவர் கடமை. கட்டடத்தை மாற்றினால் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். பிலடெல்பியாவின் பழைய விதிகள்தாம் புதுச் சட்டை போட்டு வந்திருக்கின்றன என்று எனக்குத் தோன்றியது. இப்போது மழைக்கு முன்பு அப்பா மாடிக் குழாயில் அடைத்த சருகை அள்ளுகிறார். விரிசலுக்குச் சிமெண்டு பூசிய ரசீதைப் பத்திரத்தோடு சேர்த்து வைக்கிறார்.

பிராங்க்ளின் 1776இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்திலும், 1787இல் அரசியல் சட்டத்திலும் கையொப்பமிட்டார். 1790 ஏப்ரல் 17இல், 84ஆம் வயதில் மறைந்தார். அவர் கண்ட காப்பீட்டுச் சங்கம் இன்றும் பிலடெல்பியாவில் இயங்குகிறது.

முதலில் எச்சரிக்கை, அடுத்து வாளி, அதன் பிறகே காப்பீடு. அவர் வாழ்வில் இவை வந்த வரிசை இதுதான். நாமோ கடைசியானதை மட்டும் வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுகிறோம். நண்பர்களே, இந்த விடுமுறையில் ஊருக்குப் போனதும் உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பெற்றோருக்கு வாசித்துக் காட்டுங்கள். பிறகு கூரையையும் ஒருமுறை ஏறிப் பாருங்கள்.