சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி

குடியாத்தத்தில் ஓர் எழுத்துருவில் தட்டச்சிட்ட கதை, அவ்வெழுத்துரு இல்லாத அயலூர்க் கணினியில் பொருளற்ற குறிகளாய்ச் சிதறிய காலம் ஒன்றுண்டு. எழுத்துரு செய்தோர் ஒவ்வொருவரும் அகரத்திற்குத் தத்தம் விருப்பப்படி ஓர் எண்ணைக் கொடுத்ததே காரணம். இந்தக் குழப்பம் தீர உழைத்தவருள் முன்நிற்பவர் நா. கோவிந்தசாமி.

1946இல் பிறந்த அவர் பொறியாளர் அல்லர்; ஆசிரியர், சிறுகதையாளர். எழுதுபவனுக்கே எழுத்து சிதையும் வலி தெரியும் போலும். சங்கப் புலவரை நினைவூட்டும் கணியன் என்னும் பெயரில் தமிழ் மென்பொருள் ஆக்கினார். 1995இல் சிங்கப்பூரின் நான்மொழிக் கவிதைகள் இணையத்தில் ஏறியபோது தமிழும் உடன் ஏறியது அவர் உழைப்பால். 1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ்நெட் மாநாட்டிற்கும் அவர் முன்னின்றார். பலநாட்டுத் தமிழ்க் கணிஞர் ஒரே குறியீடு வேண்டி அங்கே வாதிட்டனர்.

1999 பிப்ரவரியில் சென்னை மாநாடு தாம், தாப் என்னும் இரு குறியீட்டுத் தரங்களையும், ககரத்தையும் ஆகாரத்தையும் அடுத்தடுத்துத் தட்டினால் 'கா' தோன்றும் விசைப்பலகையையும் பரிந்துரைத்தது. ஜூனில் தமிழக அரசு அவற்றை ஏற்று ஆணையிட்டது. 2010இல் யூனிகோடு அரசுத் தரமாயிற்று. விசைப்பலகை மட்டும் இன்றும் புழங்குகிறது.

அந்த ஜூன் ஆணையைக் கோவிந்தசாமி காணவில்லை. மே மாதத்திலேயே, 53ஆம் வயதில், மறைந்துவிட்டார்.