கடல் தாண்டாமலே உலகத்தை எழுதினவர்

எருமப்பட்டியில உட்கார்ந்துக்கிட்டே நாடு நாடா ரீல்ஸ் பார்க்கிறீங்களா? 800 வருஷத்துக்கு முன்னாடியே உங்களுக்கு ஒரு சீனியர் இருந்தார். பேர் ஜாவ் ருகுவா.

1170-ல் பிறந்தவர், சோங் அரச குடும்பத்து வாரிசு. சீனாவின் குவான்ஜோ துறைமுகத்தில் கப்பல் வணிகத்தைக் கவனிக்கும் அதிகாரி. மிளகு, முத்து, சாம்பிராணின்னு சரக்கு வந்து இறங்கும். வரியை வாங்கினோமா, வீட்டுக்குப் போனோமான்னு அவர் இருந்திருக்கலாம். ஆனா வந்த வணிகர்கள்கிட்ட கேட்டார்: உங்க நாடு எங்க இருக்கு, என்ன விளையுது, எப்படி வாழறீங்க? பழைய நூல்களையும் புரட்டினார். 1225-ல் 'ஜூ ஃபான் ஜி' தயார். அதில் நம்ம சோழ நாடு இருக்கு. எகிப்தின் அலெக்சாந்திரியா கலங்கரை விளக்கமும் இருக்கு. கேள்விப்பட்டதுங்கிறதால கொஞ்சம் கதையும் கலந்திருக்கு.

1231-ல் அவர் இறந்துட்டார். மூலப் பிரதியும் தொலைஞ்சுபோச்சு. பின்னாடி வந்த மிங் அரசர் காலத்துக் கலைக்களஞ்சியம் ஒன்றில் அதை எடுத்து எழுதி வெச்சிருந்ததால்தான் இன்னிக்கு நம்ம கைக்குக் கிடைச்சிருக்கு.

நம்ம நாமக்கல் பக்கம் இந்தியா முழுக்க ஓட்டின லாரி டிரைவர் அண்ணன்கள் எத்தனை பேர்! அவங்க பார்த்ததை யாராவது எழுதி வெச்சிருக்காங்களா? இன்னிக்கே ஒருத்தர்கிட்ட கேட்டு, போன்ல குறிச்சு வைங்க.