பழத்தைப் பார்க்காமல் செடியைப் பார்த்தவர்: தக்காளி விதைக்கு வழிகாட்டிய லிவிங்ஸ்டன்

வீட்டுத்தோட்டத்தில் நாட்டுத் தக்காளி வளர்ப்பவர்கள், பறித்த பழங்களில் பெரியதாகப் பார்த்து விதைக்கு ஒதுக்குவது வழக்கம். அமெரிக்காவில் ஒரு விவசாயி இதையே 15 ஆண்டுகள் செய்து பார்த்தார். பலன் கிடைக்கவில்லை. அவர் பெயர் அலெக்சாண்டர் லிவிங்ஸ்டன்.

1821-ம் ஆண்டு ஒஹையோ மாநிலத்தின் ரெனால்ட்ஸ்பர்க் ஊரில் பிறந்தார். சுமார் 10 வயதில் முதன்முதலாகத் தக்காளியைப் பார்த்து, ஆசையோடு பறித்துத் தாயிடம் கொண்டு போனார். அது விஷம், வாயில் வைக்கக் கூடாது என்று தாய் தடுத்துவிட்டார். அந்தக் காலத்தில் அங்கே பலரும் அப்படித்தான் நம்பினார்கள்.

வளர்ந்த பிறகு விதைத் தொழிலில் இறங்கிய லிவிங்ஸ்டனுக்குத் தக்காளி மீது ஆர்வம் குறையவில்லை. அன்றைய பழங்கள் வரிவரியாகப் பள்ளம் விழுந்து, கோணலாக, உள்ளே சதை குறைவாக இருந்தன. உருண்டையாக, வழவழப்பாக, சதைப்பற்றோடு ஒரு ரகம் வேண்டும் என்று அவர் நினைத்தார். ஆண்டுதோறும் நல்ல பழங்களாகப் பொறுக்கி விதைத்தார். ஆனால், அடுத்த ஆண்டு மீண்டும் பழைய கோணல் பழங்களே காய்த்தன.

ஒரு நாள் வயலில் ஒரு செடி அவர் கண்ணில் பட்டது. இலை அடர்த்தியாக இருந்தது. பழங்கள் சிறியவைதான். ஆனால், அந்தச் செடியில் இருந்த எல்லாப் பழங்களும் ஒரே சீராக, வழவழப்பாக இருந்தன. அந்தச் செடியின் விதையைத் தனியாக எடுத்து மறு ஆண்டு நட்டார். எல்லாச் செடிகளும் தாய்ச்செடியைப் போலவே காய்த்தன. ஆண்டுதோறும் அவற்றில் சிறந்த செடிகளைத் தேர்ந்தெடுத்துவர, பழமும் பெருத்தது. 1870-ல் அதை 'பாராகன்' என்ற பெயரில் விற்பனைக்கு விட்டார். பிறகு ஆக்மி, பெர்பெக்‌ஷன், மஞ்சள் நிற கோல்டன் குயின் எனப் பல ரகங்கள் வந்தன. தன் அனுபவத்தை 1893-ல் புத்தகமாக எழுதினார். 1898-ல் காலமானார். அவருடைய ரகங்களைப் பாரம்பரியத் தக்காளி வளர்ப்பவர்கள் இன்றும் விதை எடுத்துக் காத்து வருகிறார்கள்.

காரணம் எளிது. ஒரு பழம் மட்டும் பெரிதாக இருந்தாலும், அதன் விதையில் இருப்பது அந்தச் செடியின் குணம். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால், நல்ல செடியின் குணம் அடுத்த தலைமுறையிலும் நிலைக்கும்.

இதை நீங்களும் செய்யலாம். நோய் இல்லாமல், எல்லாப் பழமும் சீராகக் காய்க்கும் செடிக்கு ஒரு துணியைக் கட்டி அடையாளம் வையுங்கள். இலைச்சுருட்டு வைரஸ் கண்ட செடி வேண்டாம். பழத்தைச் செடியிலேயே நன்கு பழுக்கவிட்டு, விதையைச் சாறோடு பிழிந்து ஒன்றிரண்டு நாள் புளிக்க வையுங்கள். மிதப்பதை நீக்கி, அடியில் தங்கிய விதையைக் கழுவி, தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். ஈரம் படாமல் மூடி வைத்தால் அடுத்த பட்டத்துக்கு விதை தயார்.

வீரிய ஒட்டு ரகப் பழத்தில் எடுத்த விதை தாய்ச்செடியைப் போல வராது. அதனால் நாட்டு ரகத்தில் மட்டும் விதை எடுங்கள்.