உடல் தந்த ஒரே விடை

ப்ராக் நகரில் மருத்துவம் பயின்ற காலத்தில் ஹான்ஸ் செல்யே, பிறர் பொருட்படுத்தாத ஒன்றைக் கவனித்தார். ஆசிரியர் ஒவ்வொரு நோயாளியிடமும் அவரவர் நோய்க்குரிய தனி அறிகுறியைச் சுட்டிக்காட்டினார். செல்யேவின் கண்ணில் பட்டவையோ அனைவருக்கும் பொதுவான பசியின்மை, மெலிவு, சோர்வு ஆகியவையே. எளிய ஐயந்தான், ஆயினும் அன்று அதனைக் கேட்பாரில்லை.

1907ஆம் ஆண்டு வியன்னாவில் பிறந்த செல்யேவின் தந்தை ஹங்கேரியப் படை மருத்துவர். 1929இல் மருத்துவப் பட்டம் பெற்ற செல்யே, பின்னர்க் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மேற்கொண்டார். புதிய ஹார்மோன் ஒன்றைக் கண்டறியும் வேட்கையுடன், மாட்டின் அண்டகத்திலிருந்து எடுத்த சாற்றை எலிகளுக்குச் செலுத்தினார். அவற்றின் அட்ரினல் சுரப்பி பருத்தது. தைமஸ் சுரப்பி சுருங்கியது. இரைப்பையில் புண் தோன்றியது. கண்டுபிடிப்பு கைக்கு எட்டியதென அவர் மகிழ்ந்தார். ஆனால், சிறுநீரகச் சாறும் அதே விளைவைத் தந்தது. திசுக்களைப் பதப்படுத்தும் ஃபார்மலினும் அவ்வாறே செய்தது. புதிய ஹார்மோன் என்னும் கனவு கலைந்தது.

மனமுடைந்திருந்த அவருக்குப் பழைய ஐயம் நினைவுக்கு வந்தது. குளிர், காயம், ஓயாத உழைப்பு என எத்துன்பம் நேரினும் உடல் ஒரே வகையில் எதிர்வினை புரிகிறதோ? சோதனைகள் ஆம் என்றன. 1936இல் 'நேச்சர்' இதழில் இதனை வெளியிட்டார். முதலில் அபாய உணர்வு, அடுத்து எதிர்த்து நிற்றல், துன்பம் நீடிப்பின் இறுதியில் ஓய்ந்து வீழ்தல் என மூன்று படிநிலைகளை அவர் வகுத்தார்.

இன்று இதன் உள்ளியக்கம் தெளிவாகியுள்ளது. இடர் நேர்கையில் அட்ரினலின் இதயத்தை விரைவுபடுத்துகிறது. கார்ட்டிசால் குருதியில் சர்க்கரையைப் பெருக்குகிறது. சிறிது நேரத்திற்கு இவை காவலர்கள். நாள்தோறும் மிகுந்து சுரந்தாலோ இரத்த அழுத்தம் உயர்கிறது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றுகிறது. இயல்பாகக் கார்ட்டிசால் நள்ளிரவில் குறைந்து, விடியலில் உயரும். சவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்தில் விண்மீன்களை நோக்கி இரவெல்லாம் விழித்திருப்போர் இத்தாளத்திற்கு எதிராகவே உழைக்கின்றனர்.

செல்யேவின் வாழ்வில் குறையும் உண்டு. புகையிலை நிறுவனங்களிடம் அவர் நிதி பெற்றார் என்பது பின்னாளில் வெளிப்பட்டது. நோபல் பரிசுக்குப் பன்முறை முன்மொழியப்பட்டும் அது அவருக்குக் கிட்டவில்லை. அவருடைய மாணவர் ரோஜர் கியமன், மூளையின் ஹார்மோன்களை ஆராய்ந்தமைக்காக 1977இல் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஐந்தாண்டுகளுக்குப்பின், 1982இல், செல்யே மாண்ட்ரியலில் மறைந்தார்.