நாட்டின் வரவு செலவை அச்சடித்து விற்ற அமைச்சர்: யார் இந்த ஜாக் நெக்கர்?

பட்ஜெட் நாளில் மொபைலைத் திறந்தால் போதும், அரசின் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவுன்னு பார்த்துவிடலாம். ஆனால் ஒரு காலத்தில் இது ராஜ ரகசியம். பிரான்ஸில் அந்த ரகசியத்தை முதன்முதலில் புத்தகமாகப் போட்டு மக்கள் கையில் கொடுத்தவர் ஜாக் நெக்கர். அந்தப் புத்தகம் அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது. பதவியைப் பறிக்கவும் அதுவே காரணமானது.

யார் இவர்?

1732-ல் ஜெனீவாவில் பிறந்தவர். இளம் வயதிலேயே பாரிஸுக்கு வந்து வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். கணக்கில் கில்லாடி. சில வருடங்களிலேயே வங்கியின் பங்குதாரராகி, பெரும் பணக்காரர் ஆனார். புதுச்சேரியைத் தலைமையிடமாக வைத்து இந்தியாவில் வியாபாரம் செய்த பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவராகவும் இருந்தார்.

1776-ல் மன்னர் பதினாறாம் லூயி இவரைக் கருவூலப் பொறுப்புக்கு அழைத்தார். அடுத்த ஆண்டு நாட்டின் முழு நிதிப் பொறுப்பும் இவரிடம் வந்தது. ஆனால் நெக்கர் புராட்டஸ்டன்ட், பிரான்ஸோ கத்தோலிக்க நாடு. அதனால் வழக்கமான நிதியமைச்சர் பட்டம் கிடைக்கவில்லை. தலைமை இயக்குநர் என்றொரு பெயர்தான் கிடைத்தது. சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

கணக்கை ஏன் வெளியிட்டார்?

1778-ல் அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்ஸ் இறங்கியது. போருக்குப் பணம் வேண்டும். வரியை ஏத்தினால் மக்கள் கொதிப்பார்கள். நெக்கர் கடன் வாங்கும் வழியைப் பிடித்தார். மொத்தம் 50 கோடி லிவருக்கும் மேல் கடன். லிவர் என்பது அன்றைய பிரெஞ்சு நாணயம்.

கடன் கொடுப்பவருக்கு நம்பிக்கை வேண்டுமே? இங்கிலாந்தில் நாடாளுமன்றம் கணக்குக் கேட்கும், அதனால் அங்கே கடன் சுலபமாகக் கிடைக்கிறது என்பதை வங்கிக்காரரான நெக்கர் நன்றாகவே அறிந்திருந்தார். 1781 பிப்ரவரியில், மன்னருக்குச் சமர்ப்பிக்கும் கணக்கறிக்கையை நீல அட்டை போட்ட புத்தகமாக வெளியிட்டார். பல்லாயிரம் பிரதிகள் பறந்தன. பிற மொழிகளிலும் பெயர்த்தார்கள். அரண்மனைச் செலவு எவ்வளவு, பென்ஷன் என்ற பெயரில் போகும் தொகை எவ்வளவு என்பதெல்லாம் முதல்முறையாகச் சாமானியர்களின் கண்ணில் பட்டது.

சிக்கல் எங்கே?

அறிக்கைப்படி வரவு சுமார் 26.4 கோடி லிவர், செலவு சுமார் 25.4 கோடி லிவர். அதாவது 1.02 கோடி உபரி! போர் நடக்கும்போது கஜானாவில் மிச்சமா?

விஷயம் இதுதான். அந்தக் கணக்கில் இருந்தது வழக்கமான வரவு செலவு மட்டும். போர்ச் செலவு அசாதாரணச் செலவு என்ற தனித் தலைப்பில் வெளியே நின்றது. மளிகை, வாடகையை ஒரு நோட்டில் எழுதிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு வாங்கிய கடனை வேறொரு நோட்டில் எழுதுவது மாதிரி. முதல் நோட்டை மட்டும் காட்டினால் குடும்பம் நல்லாத்தான் ஓடுற மாதிரி தெரியும்.

சலுகை பறிபோகுமோ என்று அரசவையில் பலர் பயந்தார்கள். எதிர்ப்பு வலுத்தது. அதே ஆண்டு மே மாதம் நெக்கர் ராஜினாமா செய்தார்.

எட்டு வருடத்தில் மூன்று கணக்கு

1787-ல் அப்போதைய நிதியமைச்சர் கலோன், பற்றாக்குறை 10 கோடி லிவருக்கும் மேல் என்றார். 1781-லேயே பற்றாக்குறைதான், நெக்கர் காட்டிய உபரி பொய் என்றும் குற்றம்சாட்டினார். நெக்கர் பதில் எழுதி வெளியிட, பாரிஸை விட்டு வெளியேற உத்தரவு வந்தது. 1788-ல் கஜானா காலியானதும் மன்னர் அவரையே திரும்ப அழைத்தார். 1789 மே மாதம் மக்கள் பிரதிநிதிகள் கூடிய சபையில், நெக்கர் சொன்ன பற்றாக்குறை 5.6 கோடி.

உபரி 1 கோடி, பற்றாக்குறை 10 கோடி, பற்றாக்குறை 5.6 கோடி. எதை நம்புவது? எந்தச் செலவை எந்தத் தலைப்பில் சேர்க்கணும்னு பொது விதி இல்லாததால், ஆளுக்கொரு கணக்கு சொல்ல முடிந்தது. நெக்கர் ஏமாற்றினாரா, அன்றைய வழக்கப்படிதான் எழுதினாரா என்று வரலாற்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

பாஸ்டீலுக்கு முந்தைய நாட்கள்

1789 ஜூலை 11-ல் மன்னர் நெக்கரை மீண்டும் நீக்கினார். மக்கள் செல்வாக்குள்ள ஒரே அமைச்சரும் போய்விட்டார் என்று பாரிஸ் கொந்தளித்தது. மூன்றாம் நாள் பாஸ்டீல் சிறை வீழ்ந்தது. நெக்கரைத் திரும்ப அழைப்பதைத் தவிர மன்னருக்கு வழியில்லை.

அந்த ஆகஸ்டில் வந்த மனித உரிமைப் பிரகடனம், வரிப் பணம் எப்படிச் செலவாகிறது என்று அறியவும், அதிகாரிகளிடம் கணக்குக் கேட்கவும் மக்களுக்கு உரிமை உண்டு என்று எழுதி வைத்தது.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

கணக்கை வெளியிடுவது பாதி வேலைதான். எல்லோரும் ஒரே தலைப்பு, ஒரே விளக்கத்தில் வெளியிட்டால்தான் போன வருடத்தோடும், பக்கத்து மாநிலத்தோடும் ஒப்பிட முடியும். திறந்த தரவுத் தரநிலைகள் என்று சொல்வது இதைத்தான். கம்பெனிகளின் நிதி அறிக்கைக்கான எக்ஸ்பிஆர்எல், அரசு ஒப்பந்தங்களை வெளியிடுவதற்கான தரநிலை எல்லாம் இந்த வகை. ஒவ்வொரு தொகைக்கும் அது என்ன என்று சொல்லும் அடையாளம் இருக்கும். கம்ப்யூட்டரே படித்து ஒப்பிட்டுவிடும். ஆனால் எந்தச் செலவைக் கணக்குக்குள் கொண்டுவருவது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். அதனால், உபரி என்று யாராவது அறிவித்தால், எதை எல்லாம் சேர்த்தீங்கன்னு கேட்பதில் தப்பில்லை.

நெக்கர் 1790-ல் பதவி விலகி, ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள கொப்பே ஊருக்குத் திரும்பினார். 1804-ல் காலமானார். பிரெஞ்சுக் கஜானாவில் அவர் விட்டுவைத்திருந்த சொந்தப் பணம் சுமார் 20 லட்சம் லிவர். அவர் இறந்து பத்து வருடத்துக்கும் மேலான பிறகுதான் அது குடும்பத்துக்குத் திரும்பக் கிடைத்தது.