ஜேம்ஸ் ஹார்டி வில்கின்சன்

ஜேம்ஸ் ஹார்டி வில்கின்சன் (செப்டம்பர் 27, 1919 – அக்டோபர் 5, 1986) ஆங்கிலேயக் கணிதவியலாளரும் கணினி அறிவியலாளரும் ஆவார். கணினி எண்களைத் தோராயப்படுத்திக் கணிக்கும்போது எழும் பிழைகளை ஆராய்ந்தமைக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார். ஓர் ஆய்வகத்தில் ஒரு கணினிக்காக எழுதப்பட்ட அறிவியல் நிரலை வேறு ஆய்வகத்தில் வேறு கணினியில் நம்பிப் பயன்படுத்த என்னென்ன வேண்டும் என்பதைச் செய்து காட்டியவர்களுள் இவர் முதன்மையானவர். 1970 ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது இவருக்கு வழங்கப்பட்டது.

இளமை

இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்திலுள்ள ஸ்ட்ரூட் என்னும் ஊரில் பால் வணிகம் செய்துவந்த குடும்பத்தில் பிறந்தார். ரோச்செஸ்டர் நகரிலிருந்த பள்ளியிலும், பின்னர் உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியிலும் பயின்று, 1939 இல் கணிதத்தில் முதல் நிலையில் தேறினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எறிகணைகளின் பாதை, வெடிபொருட்களின் வெப்ப இயக்கவியல் ஆகியவை தொடர்பான கணக்கீடுகளில் ஈடுபட்டார்.

டூரிங்குடன் பணி

1946 இல் டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். பணி நேரத்தில் பாதியை அலன் டூரிங்குடனும், மறு பாதியை மேசைக் கணிப்பான்கள் கொண்டு இயங்கிய கணக்கீட்டுப் பிரிவிலும் செலவிட்டார். டூரிங் வடிவமைத்த ஏ.சி.ஈ. என்னும் கணினி முழு அளவில் உருவாகுமுன்னரே அவர் 1948 இல் ஆய்வகத்தை விட்டு விலகினார். எஞ்சிய குழுவினர் அதன் சிறிய வடிவமான பைலட் ஏ.சி.ஈ.யைக் கட்டி முடித்தனர். 1950 மே 10 அன்று அதில் முதல் நிரல் இயங்கியது.

அக்கணினியின் நினைவகம் பாதரசம் நிரப்பிய குழாய்களால் ஆனது. எண்களும் கட்டளைகளும் ஒலித் துடிப்புகளாக அவற்றினுள் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு கட்டளை வெளிவரும் நொடியைக் கணித்து, அடுத்த கட்டளையைச் சரியான இடத்தில் வைத்தால்தான் நிரல் விரைவாக ஓடும். இவ்வாறு எழுதப்பட்ட நிரல்கள் வேகத்தில் சிறந்திருந்தன. ஆனால் வேறெந்தக் கணினிக்கும் உதவா. கணினி ஓய்வுபெறும் நாளில் நிரலும் அதனுடன் மறையும். அக்காலத்து அறிவியல் நிரல்கள் பலவற்றின் நிலை இதுவே.

பிழைப் பகுப்பாய்வு

தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்த சிறிது காலத்தில், 18 மாறிகள் கொண்ட 18 சமன்பாடுகளைத் தீர்க்கும் பணி இவரது பிரிவுக்கு வந்தது. இத்தகைய நீண்ட கணக்கில் சிறு பிழைகள் பெருகி விடையைக் கெடுத்துவிடும் என்பது அன்றைய பொதுக் கருத்து. மேசைக் கணிப்பான்களில் கணக்கை முடித்து விடைகளைச் சமன்பாடுகளில் இட்டுப் பார்த்தபோது, அவை வியக்கத்தக்க அளவு நன்கு பொருந்தின.

இதற்கான விளக்கத்தை வில்கின்சன் பின்னாளில் விரிவாக வகுத்தார். கணினி தரும் விடை சரியான விடையிலிருந்து எவ்வளவு விலகியது என்று மட்டும் கேளாமல், அவ்விடை எந்தக் கணக்குக்குச் சரியான விடை என்று கேட்க வேண்டும் என்பதே அம்முறை. கொடுத்த கணக்கிலிருந்து மிகச் சிறிதே மாறுபட்ட ஒரு கணக்குக்கு அது துல்லியமான விடையாக இருந்தால், நிரல் தன் பணியைச் செய்துவிட்டது என்று கொள்ளலாம். இது பின்னோக்கிய பிழைப் பகுப்பாய்வு எனப்படுகிறது.

கணக்கே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. 1 முதல் 20 வரையுள்ள முழு எண்களை மூலங்களாகக் கொண்ட பல்லுறுப்புக்கோவை ஒன்றை எளிய சோதனை எனக் கருதி இவர் தேர்ந்தெடுத்தார். அதன் ஒரு கெழுவான -210 ஐ ஏறத்தாழ 0.00000012 அளவு குறைத்தாலே, 20 மூலங்களில் 10 சிக்கலெண்களாகிவிடுகின்றன. இது இன்று வில்கின்சன் பல்லுறுப்புக்கோவை என அழைக்கப்படுகிறது. தவறு நிரலிலா, கணக்கிலா என்று பிரித்தறிய இயலாத ஒருவர், பிறர் எழுதிய நிரலை எவ்வாறு நம்புவது என்னும் வினாவுக்கு இவரது ஆய்வு விடையளித்தது.

கையேடும் நிரல் தொகுப்புகளும்

1971 இல் கிறிஸ்டியன் ரைன்ஷுடன் இணைந்து நேரியல் இயற்கணித நிரல்களின் கையேடு ஒன்றை வெளியிட்டார். இதிலுள்ள நிரல்கள் அல்கால் 60 மொழியில் எழுதப்பட்டவை. நிரலை மட்டும் அச்சிட்டுவிடாமல், அதன் கோட்பாடு, எங்கெங்குப் பயன்படும், உள்ளீடுகளின் பொருள், எண்சார் இயல்புகள், சோதனை முடிவுகள் ஆகியன ஒவ்வொன்றுடனும் தரப்பட்டன. கணினியின் துல்லிய அளவு நிரலினுள் புதைக்கப்படாமல் தனி உள்ளீடாகப் பெறப்பட்டது. எனவே வேறு கணினிக்குச் செல்வோர் அந்த எண்ணை மாற்றினால் போதும். நிரல்கள் பலவும் டெடிங்டனில் ஒரு வகைக் கணினியிலும், மியூனிக்கில் வேறு வகைக் கணினியிலுமாக இருமுறை சோதிக்கப்பட்டன. இன்று இது இயல்பாகத் தோன்றலாம். அன்று இவ்வளவு பொறுமை அரிது.

எனினும் அமெரிக்க ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஃபோர்ட்ரான் மொழியையே பயன்படுத்தினர். ஆர்கான் தேசிய ஆய்வகத்தினர் கையேட்டின் ஐகென் மதிப்பு நிரல்களை ஃபோர்ட்ரானுக்கு மாற்றி, பல நிறுவனங்களின் வெவ்வேறு கணினிகளில் சோதித்து, ஐஸ்பேக் என்னும் பெயரில் 1972 இல் வெளியிட்டனர். வானூர்தி இறக்கைகளின் அதிர்வு முதலியவற்றைக் கணிக்க ஐகென் மதிப்புகள் தேவைப்படுவதால் அது விரைவில் பரவியது. இதையடுத்து 1979 இல் லின்பேக் வந்தது. கிளீவ் மோலர் இவ்விரண்டையும் மாணவர்கள் எளிதில் கையாளும் பொருட்டே முதல் மாட்லாப் நிரலை எழுதினார். கணினிகளின் நினைவக அமைப்பு மாறியபோது பழைய நிரல்கள் வேகம் குன்றின. அவற்றை மாற்றியமைத்து ஒன்றிணைத்த லேபேக் 1992 இல் வெளிவந்தது. வரிகள் புதிதாக எழுதப்பட்டன. பிழைப் பகுப்பாய்வு நிலைத்தது.

பிரித்தானியாவில் சில பல்கலைக்கழகங்கள் 1970 இல் கூட்டாகத் தொடங்கிய நாக் நிரலகத்திலும் கையேட்டின் நிரல்கள் இடம்பெற்றன.

இறுதிக் காலமும் சிறப்புகளும்

1969 இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1980 இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்திலிருந்து ஓய்வுபெற்றார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராகப் பணியாற்றினார். 1986 இல் டெடிங்டனில் காலமானார். மேற்கூறிய பல்லுறுப்புக்கோவை குறித்த கட்டுரைக்காக 1987 இல், மறைவுக்குப் பின், ஷோவனே பரிசு வழங்கப்பட்டது.

ஆர்கான் ஆய்வகம், தேசிய இயற்பியல் ஆய்வகம், நாக் ஆகிய மூன்றும் இணைந்து எண்சார் மென்பொருளுக்கான வில்கின்சன் பரிசை ஏற்படுத்தின. 1991 இல் முதற்பரிசை லிண்டா பெட்சோல்ட் பெற்றார். நிரலின் தெளிவு, நம்பகத்தன்மை, வேறு கணினிகளுக்கு எடுத்துச் செல்லத்தக்க தன்மை ஆகியவற்றுடன், அதைச் சோதிக்க எழுதப்பட்ட நிரல்களின் தரமும் இப்பரிசுக்குக் கருதப்படுகிறது.